ஐஸ் அலுமாரிக் கதவில் ஓர் அகப்பை

வெள்ளைத் துணி வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். ராஜலிங்கம் ஐயா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அவர் செத்துப்போயிருக்க மாட்டார். நல்ல வேளை கேட்கவில்லை என்று நான் இன்றைக்கும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

வீடு கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகிற தெருவில், ஒரு மேட்டில் இருக்கிறது. விறாந்தையில் நின்றால் கீழே மகாவலி தெரியும். ஐயாவின் சொந்த ஊர் யாழ்ப்பாணம், தொழில் கொழும்பில். பிரக்கிராசியாகக் கோட்டில் வழக்குப் பேசியே தலைமயிரைப் பறிகொடுத்தவர். பெப்ரவரி பிறந்தால் கொழும்புப் புழுக்கம் தாங்காமல் அவரும் அவர் சம்சாரமும் இங்கே வந்துவிடுவார்கள். அவரைத்தான் நான் அம்மா என்பேன். ஆகஸ்டில் யானைகள் ஊர்வலம் போகிற பெரஹராவைப் பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். மிச்ச மாதங்களுக்கு வீடு என் பொறுப்பு. நான் டொரதி, சமையல்காரி. என் புருஷன் மத்தியாஸ் தோட்டக்காரன் என்று பெயர். அவன் தோட்டத்தைப் பார்த்ததைவிடத் தோட்டம் அவனைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையில் நாங்கள் குடியிருக்கிறோம்.

அம்மா போன நவம்பரில் கொழும்பில் தவறிப்போனார். இந்த வருஷம் ஐயா தனியாக வந்தார். வந்தவர் வெளியே தலைகாட்டவில்லை. காலையில் விறாந்தையில் சாய்மனைக் கதிரை, மத்தியானம் அதே கதிரை, சாயந்தரம் அதே கதிரை. நான் வைத்த கறியைக் குறை சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. குறை சொல்லாத மனுஷனுக்குச் சமைப்பதுபோல ஒரு தண்டனை கிடையாது. நான் வேண்டுமென்றே ஒருநாள் உப்பை அள்ளிப் போட்டேன். அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

பெரஹரா முடிந்த மறு கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"டொரதி, வீட்டை மூடுவம்."

"சரிங்கய்யா. எப்பவும்போலத்தானே?"

"இல்லை. நான் இனி வாறேல்லை. மலாயாவில மகளிட்டப் போறன். கொழும்பு ஆள் ஒருத்தர் வீட்டை வாங்கப் பாக்கிறார். அடுத்த கிழமை கடிதத்தில ஓம் எண்டு எழுதிப்போட்டா முடிஞ்சுது."

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். நான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அங்கிருந்து கிளம்பி வந்தபோது என்னையும் மத்தியாசையும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்தவர் அம்மா. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். இந்த வீடு கைமாறினால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் போய் என் இரண்டு அறையைப் பற்றிப் பேசுவதா?

"ஏனுங்கய்யா, இங்க எல்லாரும் உங்கள..." என்று இழுத்தேன்.

"ஆர் என்னை? அவவைத் தெரியும் எல்லாருக்கும். என்னை ஆருக்குத் தெரியும்? அவ இல்லாத வீட்டில எனக்கென்ன அலுவல்."

அதற்குமேல் பேச விடவில்லை. மறுநாளே மூடுகிற வேலை தொடங்கியது.

சும்மா பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை இது. இந்த ஊர் ஈரத்துக்கு மூன்று மாதம் மூடிக் கிடந்தால் தோல் சப்பாத்தில் பச்சை பிடிக்கும், மெத்தையில் எலி குடித்தனம் நடத்தும். மெத்தைகளை வெயிலில் போட்டு, தட்டி, வேப்பிலை வைத்துச் சுருட்டிக் கட்ட வேண்டும். அலுமாரிக் கால்களுக்குக் கீழே எறும்பு ஏறாமல் எண்ணெய்ச் சிரட்டை வைக்க வேண்டும். லாம்புகளில் எண்ணெயை வடித்து, திரியை நறுக்கி, சிமினியைக் கடுதாசியில் சுற்ற வேண்டும். கிராமபோனின் முறுக்கைத் தளர்த்தாமல் விட்டால் உள்ளே சுருள் கம்பி போய்விடும். தண்ணீர் வடிகட்டியைக் கவிழ்க்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி, ஆடுகிற குண்டைக் கழற்றித் துணியில் சுற்ற வேண்டும். அம்மா இருந்தபோது இதெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தது. இப்போது ஐயா நீதவான் தீர்ப்பு வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் செய்தேன்.

கதிரை, மேசை, பியானோ எல்லாவற்றையும் மூட அம்மா பூப்போட்ட சீத்தைத் துணி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் எலி அதைக் குதறி வைத்திருந்தது. ஐயா மத்தியாசை அனுப்பிக் கடையிலிருந்து ஒரு பீஸ் வெள்ளைக் காடாத்துணி வாங்குவித்தார்.

"ஐயா, வெள்ளை வேணாங்கய்யா. அம்மா ஒரு நாளும் வெள்ளை போட மாட்டாங்க."

"துணி துணிதானே. தூசிக்குக் கலர் தெரியுமோ?"

படித்தவரோடு பேசி நான் எப்போது ஜெயித்தேன்? சலவைக்காரர் செல்லச்சாமி வந்து துணியைக் கஞ்சி போகத் துவைத்தார். பின்பக்கம் பலா மர நிழல், வெயில் விழாது. அதனால் தெருப்பக்கத்து வேலி முழுக்க வெள்ளை வெளேரென்று காயப் போட்டார். காய்ந்ததும் எல்லாக் கதிரைக்கும் போர்த்தினோம். நிலைக்கண்ணாடிக்கும் ஒன்று. சுவரில் இருந்த படங்கள் வெளுக்காமல் இருக்க ஐயா அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். வெளுக்கும் என்பது சாட்டு. அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் அந்த வேலை செய்ய முடியவில்லை. எனக்கும்தான் முடியவில்லை.

மிஞ்சியது ஐஸ் அலுமாரி. இந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதில் ஒரு திரி. கீழே நெருப்பு எரிந்தால் மேலே ஐஸ் கட்டும். இது எப்படி என்று ஐயா எனக்குப் பல தரம் விளங்கப்படுத்தியிருக்கிறார். அவருக்கே விளங்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது. மத்தியாஸ் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போகும்போது சிலுவை போட்டுக்கொள்வான். மூடும்போது திரியை அணைத்து, ஐஸ் உருகவிட்டு, உள்ளே சோடாத்தூள் போட்டுத் துடைத்து, தொட்டியைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். கடைசியில் கதவு இறுகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு சிரட்டை அகப்பையைக் குறுக்கே வைக்க வேண்டும். சாத்தினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து நாறிப்போகும். அம்மா அதைத் தன் கையால்தான் வைப்பார். வைத்துவிட்டு, "அடுத்த பெப்ரவரிக்கு வந்து எடுக்கிறன்" என்று அலுமாரியிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

உள்ளே துடைத்து முடித்ததும், தொட்டியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, நான் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உது வேண்டாம். சாத்திவிடு" என்றார் ஐயா.

"சாத்தினா நாறுங்கய்யா."

"நாறட்டும். வாறவை பாத்துக்கொள்ளட்டும்."

அகப்பையை மேசைமேல் வைத்தேன். வைத்ததும் அழுகை வந்துவிட்டது. பூச்சி உருண்டை நெடி என்று சொல்லி முந்தானையால் துடைத்தேன். அப்போதுதான் ரொட்டி விற்கிற பாண்காரர் லாபிர் நாநா பாண் பெட்டியோடு முன்வாசலில் வந்து நின்றார். காற்றுக்காகக் கதவைத் திறந்து போட்டிருந்தோம். அவர் எட்டிப் பார்த்தார். வெள்ளை போர்த்த கதிரைகள், மூடிய கண்ணாடி, சுவரைப் பார்த்த படங்கள், நின்றுபோன கடிகாரம், வெள்ளைத் துணி மூட்டையோடு செல்லச்சாமி, கண் சிவந்த நான். பாணை வாசல்படியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். அட, வாயாடி மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. மறுநாள் காலை ஐயாவுக்குக் கண்டி ஸ்டேஷனில் ரயில். சாமான் ஏற்ற வண்டி பேசிவர மத்தியாஸ் டவுனுக்குப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். ஐயா சாப்பாட்டு அறையில் தரையில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஐஸ் அலுமாரித் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் என்றால் விடவில்லை. முகமெல்லாம் கரி. முன்னால் செருப்புகள் கழற்றுகிற சத்தம் கேட்டு நான் ஹோலுக்கு வந்தேன். வந்தால், தெருவில் பாதி அங்கே நிற்கிறது. லாபிர் நாநா, அவர் பின்னால் தொப்பி போட்ட ஏழெட்டுப் பேர், கீழ்வீட்டுச் சிங்கள அம்மா, மூலைக்கடைக்குப் பக்கத்து வீட்டுப் பஸீஹா. பஸீஹா கையில் பெரிய சட்டி. அதைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எனக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. மத்தியாஸ். காலையில் டவுனுக்குப் போனவன். கண்டி பஸ்காரர்கள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இந்த மாடு நடுத்தெருவில் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். காலையில் கிளம்பும்போது கூட அவனைத் திட்டித்தானே அனுப்பினேன். கடவுளே, அந்தச் சோம்பேறியைத் திருப்பிக் கொடு, இனி திட்ட மாட்டேன் என்று மனசுக்குள் பொருத்தனை வைத்தேன்.

"எங்க அடிபட்டிச்சு?" என்றேன்.

பஸீஹாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழாதீங்கக்கா. ஐயாவ எங்க கெடத்தி ஈக்கிறீங்க? ஒருக்கா பாத்திட்டுப் போறோம்."

ஐயாவையா? அப்போதுதான் அந்த ஹோலை நான் அவள் கண்ணால் பார்த்தேன். செத்த வீட்டில் என்னென்ன செய்வோமோ அத்தனையையும் ஒன்று விடாமல் செய்து வைத்திருந்தோம். வேலியில் மிச்ச வெள்ளை, இந்த ஊரில் சாவு வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைபோல, இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியாஸ் சாகவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"எங்களுக்கும் அப்படித்தான் ஈக்கி" என்றாள். "மலேரியாக் காய்ச்சல் வருசம் என்ட மக ஹிதாயா நெருப்பாக் கொதிச்சிக்கிட்டுக் கெடந்தா. இந்த வீட்டு அம்மாவுக்கும் காய்ச்சல் என்டு தெரியாம நான் இங்க ஓடிவந்தேன். பின்கதவத் தொறந்தது ஐயாதான். யாருக்கு, எவளவு வேணும், ஒன்டும் கேக்கல்ல. ஐஸ எடுத்துத் தன்ட சால்வையில சுத்தி, தானே தூக்கிக்கிட்டு என்னோட வீடு வரைக்கும் வந்தார். புள்ளட நெத்தியில தானே வச்சார். இன்டைக்கு ஹிதாயா ஸ்கூலுக்குப் போறா. அந்தச் சால்வைய நான் இன்னும் திருப்பிக் குடுக்கல்ல. நாளைக்குக் குடுப்போம், நாளைக்குக் குடுப்போம் என்டு..." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லாபிர் நாநா தொடங்கிவிட்டார்.

"என்ட உம்மா தப்பல்ல. அது அல்லாட நாட்டம். ஆனா மவுத்தாகக்குள்ள குளுமையா ஏதாச்சும் தா என்டு கேட்டா. ஐயாட ஐஸ்தான் கடைசியா அவட வாயில பட்ட. சிரிச்சிக்கிட்டே கண்ண மூடினா. அதுக்குப் பொறகு நான் ஐயாட்ட வந்து ஒரு வார்த்த சொல்லல்ல. பெரிய ஆள், கோட்டுக்குப் போறவர், பாண்காரன் என்னத்தப் பேசுற என்டு ஈந்திட்டேன். இப்ப பேசி என்னத்துக்கு?"

கீழ்வீட்டு அம்மா மூக்கை உறிஞ்சினார். நான் தற்செயலாகச் சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பினேன். திரைக்குப் பக்கத்தில் ஐயா நின்றுகொண்டிருந்தார். கையில் எண்ணெய்த் தொட்டி. எப்போதிருந்து நிற்கிறாரோ தெரியாது. கரி பூசின கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது.

"லாபிர்" என்றார். "இப்ப பேசினது காணும். எனக்குக் கேட்டுது."

பஸீஹா போட்ட சத்தத்தில் பலா மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. லாபிர் நாநா சுவரோடு சுவராகப் போய் ஒட்டிக்கொண்டார். தொப்பி போட்டவர்களில் இரண்டு பேர் செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் சிரித்தேன் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மா போனபிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"வெள்ளை வேணாம்னு சொன்னேன்ல?" என்று ஐயாவைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

"ஓம், சொன்னனீதான்" என்றார். ஒரு பிரக்கிராசி வழக்கில் தோற்றதை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

லாபிர் நாநா நடுங்கிக்கொண்டே, "மன்னிச்சிக்கோங்க ஐயா, உசிரோட ஈக்கிறவர..." என்றார். ஐயா தொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரிக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் செத்தா இந்த ஊரில ஒரு நாயும் திரும்பிப் பாக்காது எண்டெல்லோ இருந்தன். எல்லாம் அவ செய்தது, எல்லாரும் அவவைத்தான் தேடினவை எண்டு நினைச்சன்."

"அம்மாவையும்தான் தேடுறோம்" என்றாள் பஸீஹா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு. "அவங்க தங்கமானவங்க. ஆனா அன்டைக்குக் கதவத் தொறந்தது நீங்க."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பஸீஹா சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தாள். கீழ்வீட்டு அம்மா பலாக்காய்க் கறி. லாபிர் நாநாவின் பாண் காலையிலிருந்தே இருந்தது. இவ்வளவையும் திருப்பிக் கொண்டுபோகச் சொல்வதா? கதிரைகளிலிருந்து வெள்ளையை உருவிப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். தன் சாவுச் சோற்றை ஐயா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பருப்பில் உப்புக் குறைவு என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. குறை சொல்லிவிட்டார். மனுஷன் திரும்பி வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மத்தியாஸ் வந்து வாசலில் நின்று, வண்டி பேசியாகிவிட்டது என்றான். கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றான். நான் பேசாமல் அவனுக்கும் ஒரு பீங்கான் நிறையச் சோறு போட்டுக் கொடுத்தேன். திட்டவில்லை. அவன் பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

எல்லோரும் போனபிறகு ஐயா படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அம்மாவின் படத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு சாப்பாட்டு அறைக்கு வந்து, மேசைமேல் கிடந்த அகப்பையைக் கையில் எடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

"அகப்பை வைக்கிறீங்களாய்யா?"

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மகாவலி இந்த வருஷமும் வற்றிக் கிடந்தது. பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நின்றது. காய்ச்சல் வருஷமும் இப்படித்தான் வற்றியது. அந்தக் குட்டைகளில்தான் நுளம்பு பெருகியது என்று டாக்டர்மார் பிறகு சொன்னார்கள்.

"இல்லை" என்றார். அகப்பையை என்னிடம் நீட்டினார். "இதைக் குசினிக்குக் கொண்டு போ. தொட்டிக்கு எண்ணெய் கொண்டு வா."

"எண்ணெயா?"

"திரியைக் கொளுத்துவம். நான் இல்லாட்டியும் இது எரியட்டும். எண்ணெய்க்கு நான் ஒழுங்கு செய்யிறன். ஆற்றைப் பாத்தனியே? திரும்பக் காய்ச்சல் வந்தா இந்தச் சனங்கள் எங்க போகும்? ஆர் வந்து கேட்டாலும் குடு. ஆருக்கெண்டு கேளாத."

நான் நகரவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டேன். "அப்ப வீடு, ஐயா?"

"விக்கிற வீட்டில ஆராவது நெருப்பை எரியவிட்டிட்டுப் போவினமோ?" என்றார். "மகளைப் பாத்திட்டு பெப்ரவரியில வாறன். நீயும் மத்தியாசும்தான் இதைப் பாக்கவேணும். வேற ஆர் இருக்கினம் எனக்கு?"

எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. லயத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னேன். "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லி, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினேன். ஐயா தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பொருத்தினார். திரியைக் கொளுத்தினார். நீலமாகப் பிடித்துக்கொண்டது. எட்ட நின்று பார்த்த மத்தியாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். நான் தண்ணீரை மொண்டு தட்டுகளில் ஊற்றி உள்ளே வைத்தேன். ஐயா கதவை இறுகச் சாத்தினார்.